ரெகுலரா, கரஸ்ஸா?

‘‘ஏம்மா, இது ரெகுலரா, கரஸ்ஸா?’’

இன்டர்வியூ அறையில் மார்க் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்கப்படும் கேள்வி இது. நீங்கள் கேட்டிருக்கலாம். உங்களைக் கேட்டும் இருக்கலாம். பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்பார்கள். பிரமோஷன் லிஸ்ட் போடும்போது கேட்பார்கள்.

‘கரஸ் சார்’ என்று சொல்பவரின் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் சுருதி இறங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? ‘‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, வேலைக்குப் போய்ட்டே படிச்சேன்...’’ என்று யாரும் கேட்காமலே ஒரு விளக்கம் வரும். பகலெல்லாம் உழைத்து, ராத்திரி கண் விழித்துப் பாஸானவர், மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசுகிறார். அப்பா கட்டிய ஃபீஸில் மூன்று வருஷம் கேன்டீனில் உட்கார்ந்துவிட்டு வந்தவர் ‘ரெகுலர்தான் சார்’ என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். விநோதமாக இல்லை?

தபாலில் வந்த புத்தகக் கட்டு போய், இப்போது செல்போனில் வீடியோ வருகிறது. ‘கரஸ்’ என்பது ‘ஆன்லைன்’ ஆகிவிட்டது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. இனி யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஒரு கதவைத் திறந்து, ‘அனைவரும் வருக’ என்று போர்டு மாட்டிவிட்டால், நியாயம் செய்தாகிவிட்டது என்று அர்த்தமா? இந்த வாரம் இதைக் கொஞ்சம் யோசிப்போம்.

முதலில், கதவு எவ்வளவு சின்னது என்று பார்த்துவிடலாம். 2024-ல் ஜே.இ.இ. மெயின் தேர்வு எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் அதிகம். 23 ஐ.ஐ.டி-க்களிலும் சேர்த்து அந்த ஆண்டு இருந்த இடங்கள் 17 ஆயிரத்துச் சொச்சம். உயர்கல்வியில் நாட்டுக்கே முன்னோடி என்று நாம் பெருமைப்படும் தமிழ்நாட்டில், 2021-22 கணக்குப்படி கல்லூரி வயதில் இருப்பவர்களை வைத்துக் கணக்கிடும் சேர்க்கை விகிதம் 47 சதவிகிதம். அகில இந்திய அளவில் 28.4. அதாவது, முன்னோடி மாநிலத்திலேயே பாதிக்கு மேல் வெளியேதான். இத்தனை பேருக்கும் கட்டடம் கட்டி, ஹாஸ்டல் கட்டி, பேராசிரியர் போட்டு முடிப்பதற்குள் இந்தத் தலைமுறைக்குத் தலை நரைத்துவிடும். ஆகவே, ஆன்லைன் வேண்டுமா, வேண்டாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேண்டும். எப்படிப்பட்ட ஆன்லைன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இதற்கு ஒரு பழைய கதை உதவும். 1963-ல் பிரிட்டனின் லேபர் கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன், ரேடியோ, டி.வி. மூலம் பாடம் நடத்தும் ‘வான்வழிப் பல்கலைக்கழகம்’ ஒன்றை கிளாஸ்கோவில் பேசும்போது முன்வைத்தார். மறு வருஷம் பிரதமரானார். அந்தக் கனவைச் செயலாக்கும் பொறுப்பு ஜென்னி லீ என்ற அம்மையாரிடம் வந்தது. ஸ்காட்லாந்து சுரங்கத் தொழிலாளியின் மகள். சுற்றிலும் ஒரே கேலி. கன்சர்வேடிவ் கட்சியின் இயன் மெக்லியாட், இதை வெறும் உளறல் என்று ஒதுக்கினார்.

ஜென்னி லீ ஒரே ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக நின்றார். ‘பாவம், தொழிலாளிகள்... அவர்களுக்கு ஏதோ கொஞ்சம்’ என்கிற மாதிரியான ஏற்பாடு கூடாது. இங்கே தரும் பட்டம் மற்ற பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 1969-ல் ‘ஓப்பன் யுனிவர்சிட்டி’ பிறந்தது. 1971 ஜனவரியில் சுமார் 25 ஆயிரம் பேருடன் பாடம் தொடங்கியது. சேர்வதற்கு எந்த முன்தகுதியும் தேவையில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் சேரலாம்.

எல்லோருக்கும் கண்ணில் பட்டது பி.பி.சி-யில் அகால வேளையில் வந்த பாடங்கள்தான். தாடி வைத்த பேராசிரியர்கள் கரும்பலகை முன்னால் நின்று பேசியதை வைத்து ஜோக்குகூட அடித்தார்கள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிர் டி.வி-யில் இல்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு ‘டியூட்டர்’ இருந்தார். எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்து, ‘இந்த இடத்தில் ஏன் தடுமாறினீர்கள்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்ப ஓர் ஆள். பக்கத்து ஊரிலேயே கூடிப் பேச ஒரு மையம். கோடையில் ஒரு வாரம் நிஜமான கல்லூரி வளாகத்தில் தங்கிப் படிக்கும் முகாம். அறிவியல் மாணவர்களுக்கு வீட்டுக்கே தபாலில் வந்த சோதனைப் பெட்டி. அதற்குள் ஒரு குட்டி மைக்ராஸ்கோப்கூட உண்டு! 1983-ல் வந்த ‘எஜுகேட்டிங் ரீட்டா’ படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சலூனில் முடி வெட்டும் பெண் ஓப்பன் யுனிவர்சிட்டியில் சேருகிறாள். படம் முழுக்க அவளும் அவள் டியூட்டரும்தான். டி.வி. பெட்டிக்கு அதில் வேலையே இல்லை.

இப்போது அப்படியே 2011-க்கு வாருங்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நோர்விக் என்ற இருவர் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இன்டர்நெட்டில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஒரு லட்சத்து 60 ஆயிரம் பேர் பதிவு செய்தார்கள். உலகமே கை தட்டியது. 2012-ல் கோர்செரா, எட்எக்ஸ் என்று வரிசையாக நிறுவனங்கள் முளைத்தன. இனி ஹார்வர்டும் எம்.ஐ.டி-யும் ஆப்பிரிக்கக் கிராமத்துக்கே வந்துவிடும் என்று தலையங்கங்கள் எழுதப்பட்டன.

வந்ததா? 2013-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன்னுடைய கோர்செரா வகுப்புகளில் சேர்ந்தவர்களை ஆராய்ந்தது. 80 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள்! பசித்தவனுக்கு என்று போட்ட பந்தியில், சாப்பிட்டு முடித்தவர்களே மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார்கள். 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு, எட்எக்ஸ் மூலம் ஹார்வர்டும் எம்.ஐ.டி-யும் நடத்திய வகுப்புகளில் 2017-18-ல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று பார்த்தது. சுமார் 3 சதவிகிதம்.

சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் அந்தக் கணக்கில் உண்டு என்பது உண்மைதான். இருந்தாலும் நூற்றுக்கு மூன்று என்பது நம்மை உறுத்த வேண்டிய எண்.

‘அதெல்லாம் சரி, அந்த மங்கோலியப் பையன்?’ என்று சிலர் கேட்பீர்கள். நியாயம். 2012-ல் உலான்பாத்தரைச் சேர்ந்த 15 வயதுப் பையன், எம்.ஐ.டி-யின் எலெக்ட்ரானிக்ஸ் ஆன்லைன் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினான். சுமார் ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்த வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் வெறும் 340 பேர். பிறகு அவன் எம்.ஐ.டி-யிலேயே படிக்கப் போனான். சிலிர்க்கவைக்கும் செய்தி.

ஆனால், அந்தச் செய்தியில் பலரும் தாண்டிப் போன வரி ஒன்று உண்டு. அவனுடைய பள்ளித் தலைமையாசிரியரே எம்.ஐ.டி-யில் படித்தவர். வீடியோ மட்டும் போதாது என்று, ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி மாணவர் ஒருவரைச் சோதனைக் கருவிகளோடு வரவழைத்து, தன் மாணவர்களோடு சில வாரங்கள் உட்காரவைத்தார். பையன் புத்திசாலிதான். அந்தப் புத்திசாலித்தனத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

கல்லூரி வளாகம் என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். நல்ல லெக்சர் இன்று யூ-டியூபில் இலவசமாகக் கிடைக்கிறது. கிடைக்காதது வேறொன்று. நீங்கள் இரண்டு நாள் வகுப்புக்கு வராவிட்டால், ‘ஏன்டா வரலை, என்ன ஆச்சு?’ என்று கேட்க அங்கே ஒருவன் இருக்கிறான். கம்ப்யூட்டர் திரைக்கு நீங்கள் இல்லாதது தெரியாது. தெரிந்தாலும், ‘உங்கள் பாடம் நிலுவையில் உள்ளது’ என்று ஒரு மெயில் அனுப்பும். அவ்வளவுதான்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியர் 1962-ல் சமத்துவம் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனை தேசம் வரும். அங்கே போர்வீரர்களுக்குத்தான் மரியாதை. வீரனாக உடல்பலம் வேண்டும். பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளை மட்டுமே சேர்த்து வந்தார்கள். சீர்திருத்தக்காரர்கள் போராடினார்கள். ‘சரி, இனி எல்லோரும் போட்டியில் கலந்துகொள்ளலாம். பலசாலி யாரோ அவருக்கே இடம்’ என்று சட்டத்தை மாற்றினார்கள். ஆனாலும் பழையபடி பணக்காரப் பிள்ளைகளே கிட்டத்தட்ட எல்லா இடங்களையும் பிடித்தார்கள். ஏன்? மற்றவர்களுக்குச் சோறு இல்லை. உடம்பில் தெம்பு இல்லை.

யாரையும் தடுக்கவில்லை. போட்டியில் தில்லுமுல்லு இல்லை. ஆனாலும் இதை நியாயம் என்று உங்களால் சொல்ல முடியுமா?

நம் தேசத்துக்கு வருவோம். 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது நூற்றுக்கு நாலரைக்கும் குறைவான வீட்டில். அதற்குப் பிறகு செல்போனும் டேட்டாவும் எங்கும் பரவிவிட்டன, மறுக்கவில்லை. ஆனால் போன் யார் கையில்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், இன்டர்நெட்டை ஒரு தடவையாவது பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான். வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன். அப்பா வேலைக்கு எடுத்துப் போகிறார். சாயங்காலம் தம்பி கேம் ஆடுகிறான். அக்காவுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு, 8 சதவிகித சார்ஜோடு கைக்கு வருகிறது. ‘ஆன்லைன் எல்லோருக்கும் பொது’ என்கிறோம். அவளுடைய பதினொரு மணியும் தனி அறையில் லேப்டாப் வைத்திருக்கும் பையனின் பதினொரு மணியும் ஒன்றா?

உடனே ஒரு பதில் தயாராக வரும். ‘‘சார், ஒண்ணுமில்லாததுக்கு இது தேவலைதானே?’’

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து, அஞ்சல்வழியில் பி.காம். படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் முன்னால் இருப்பது கிண்டி வளாகமா, ஆன்லைனா என்ற தேர்வு கிடையாது. ஆன்லைன் அல்லது ஒன்றுமேயில்லை. ‘ஒண்ணுமில்லாததுக்கு இது தேவலை’ என்று அவள் சொன்னால் அது தன்மானம். கிடைத்ததைப் பிடித்து மேலே ஏறும் துணிச்சல். அவளிடம் போய், ‘வளாகத்தில் படித்தால்தான் படிப்பு’ என்று தத்துவம் பேசுவது அநியாயம்.

அதே வாக்கியத்தை ஓர் அமைச்சரோ, ஒரு துணைவேந்தரோ, வசதியான இடத்தில் இருக்கும் நீங்களோ நானோ சொன்னால்? அப்போது அது சாக்கு. ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாததற்குச் சாக்கு. ஊரில் கல்லூரி கட்டாததற்குச் சாக்கு. வாங்குகிறவர் திருப்திப்பட்டுக்கொள்வது வேறு, கொடுக்கிறவர் திருப்திப்பட்டுக்கொள்வது வேறு. கொடுப்பவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ‘என் பிள்ளையை இதில் சேர்ப்பேனா?’ ஜென்னி லீ பிடிவாதம் பிடித்ததும் இதற்காகத்தான்.

படித்து முடித்த பிறகாவது விடுகிறோமா? நம் இதிகாசத்திலேயே முதல் தொலைநிலைக் கல்வி மாணவன் இருக்கிறான். ஏகலைவன். குரு நேரில் இல்லை. மண்ணால் செய்த உருவம்தான். ரெகுலரில் படித்த அர்ஜுனனைவிட நன்றாகவே கற்றுக்கொண்டான். அங்கீகாரம் என்று வந்தபோது என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். கற்பதற்கு அவனை யாரும் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டை விரல் போனது கற்று முடித்த பிறகு.

இங்கேயும் அப்படி நடந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் நேரடியாகச் சேர்ந்து பட்டம் வாங்கினார்கள். அதற்காகத்தான் அந்தக் கதவே திறக்கப்பட்டது. 2009-ல் தமிழக அரசு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் வந்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று ஆணையிட்டது. முன்வாசல் வழியாக ‘வாங்க வாங்க’ என்று அழைத்துவிட்டு, பின்வாசலைப் பூட்டியது போல. 2022 செப்டம்பரில் யு.ஜி.சி., அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் ரெகுலர் பட்டங்களுக்குச் சமம் என்று அறிவித்தது. காகிதத்தில் சமம். இன்டர்வியூ அறையில்?

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சந்தேகம் முழுக்கவும் மேட்டிமைப் புத்தி என்று சொல்லிவிட முடியாது. ஃபீஸ் வாங்கும்போது மட்டும் மாணவரை ஞாபகம் வைத்துக்கொண்டு, பாடம், தேர்வு, விடைத்தாள் எல்லாவற்றிலும் கோட்டைவிட்ட நிறுவனங்கள் இந்த நாட்டில் இருக்கத்தான் செய்தன. ஆனால், அதற்குத் தண்டனை யாருக்கு? காசு வாங்கிய நிறுவனத்துக்கா, கஷ்டப்பட்டுப் படித்த பெண்ணுக்கா? கடைக்காரன் கலப்படம் செய்தால் சாப்பிட்டவனையா ஜெயிலில் போடுகிறோம்?

சரியாகச் செய்ய முடியுமா? ஓரளவுக்கு முடிகிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்து, 2021 ஜனவரியில் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பைப் பாருங்கள். ஜே.இ.இ. தேவையில்லை. இத்தனை ஸீட் என்ற எல்லை இல்லை. எனக்குப் பிடித்தது அதன் நுழைவு முறை. முதலில் நாலு வாரம் பாடம் நடத்துகிறார்கள். நடத்திய பாடத்தில்தான் தேர்வு வைக்கிறார்கள். குறித்த மதிப்பெண்ணைத் தொட்டவருக்கெல்லாம் இடம். வில்லியம்ஸின் போர்வீரர் தேசத்தில் யாராவது, முதலில் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டுப் பிறகு போட்டி வைத்திருந்தால் எப்படியோ, அப்படி. வறுமையைப் பொறுத்துக் கட்டணத்தில் முக்கால் பங்கு வரை சலுகை. பாடம் வீட்டில், தேர்வை மட்டும் நேரில், மையத்துக்குப் போய் எழுத வேண்டும். எழுதியது யார் என்று பின்னால் யாரும் கேட்க முடியாது.

குறை இல்லையா? உண்டு. நாலு வாரச் சோறு பன்னிரண்டு வருஷப் பட்டினியை ஈடுகட்டாது. பாடம் ஆங்கிலத்தில், தமிழ் மீடியத்திலிருந்து வருபவர் இரண்டு பாடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் திசை சரி.

ஆகவே, ‘லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள்’ என்று யாராவது மார் தட்டினால், நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். சேர்ந்தவர்களில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர் எத்தனை பேர்? அவர்களில் முடித்தவர் எத்தனை பேர்? முடித்தவர்களுக்கு அந்தப் பட்டம் எந்தக் கதவைத் திறந்தது? சேர்க்கை எண்ணிக்கை விளம்பரத்துக்கு உதவும். நியாயத்தை அளக்க இந்த மூன்றும்தான் வேண்டும். மூன்றுக்கும் நல்ல பதில் வர வேண்டுமானால், வீடியோவுக்கு ஆகும் செலவைவிட மனிதர்களுக்கு ஆகும் செலவு அதிகமாக இருக்கும். விடைத்தாளின் ஓரத்தில் எழுதும் டியூட்டர், தாலுகா தலைநகரில் ஒரு படிப்பு மையம், அங்கே கரன்ட்டும் கம்ப்யூட்டரும், ‘ஏம்மா ரெண்டு வாரமா காணோம்?’ என்று போன் செய்ய ஓர் ஆள். ஆன்லைன் என்றால் மலிவு என்று நினைக்கிற அரசுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது. பிடிக்கவைப்பது நம் வேலை.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். உங்களால் நாளைக்கே முடிவதும் உண்டு. வீட்டில் மகளோ மருமகளோ ஆன்லைனில் படிக்கிறாளா? தினமும் இரண்டு மணி நேரம் போனும் ஒரு மூலையும் அவளுக்கே என்று எழுதாத சட்டம் போடுங்கள். அந்த நேரத்தில் காபி கேட்காதீர்கள். நீங்கள் படித்து முடித்தவரா? தெரிந்த ஒரே ஒரு மாணவருக்கு டியூட்டராக இருங்கள். பாடம் நடத்தக்கூட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ‘இந்த வாரம் எதுவரைக்கும் படிச்சே?’ என்று கேட்டால் போதும்.

நீங்கள் இன்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருபவரா? மார்க் ஷீட்டிலிருந்து ஒரு நிமிஷம் நிமிர்ந்து எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். ரெகுலரா, கரஸ்ஸா என்பதை விட்டுவிட்டு, ‘என்னம்மா படிச்சே, சொல்லு கேட்போம்’ என்று ஆரம்பியுங்கள்.

அவர் குரல் இறங்காது.